ரம்பம் ஒன்று, முதலாளி மூன்று!

"ஹோம்லைட்" என்பது அமெரிக்காவில் பேர்போன மோட்டார் ரம்பம். மரம் அறுக்கப் பயன்படுவது. அந்தக் கம்பெனியை 1955-ல் டெக்ஸ்ட்ரான் வாங்கியது. 1994-ல் ஜான் டீர் வாங்கியது. 2001-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த டி.டி.ஐ. வாங்கியது. பின்னர், ஹோம் டிப்போ என்ற பெரிய கடையில் அந்த ரம்பம் விற்பனைக்கு வந்தது.

பெயர் மாறவில்லை. முதலாளி மாறினார். இப்படி மாறும்போது சிறு கடைக்காரர் கதி என்ன? பழைய ரம்பம் பழுதானால், வாடிக்கைக்காரர் அவரிடம்தான் ஓடி வருகிறார். "உதிரிப் பாகம் வருவதில்லை" என்றால் ஏச்சு யாருக்கு? கடைக்காரருக்குத்தான்!

பெயரை விலைக்கு வாங்குகிறவர், பொறுப்பையும் ஏற்க வேண்டும். பழைய ரம்பங்களுக்கும் பாகம் கிடைக்கச் செய்ய வேண்டும். அதுதான் நியாயம்.

வாங்குவோரும் விலையை மட்டும் பார்க்கலாமா? "பழுதானால் யார் பார்ப்பார்?" என்று முதலில் கேளுங்கள்!