அத்தை வீட்டு அம்பாஸிடரும் தேன்குழல் நாழியும்

சென்ற மாதம் தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். வாசலில் காலை வைத்ததும் வைக்காததுமாக என் அத்தை ஒரு காகிதத்தை நீட்டினாள். "காலேஜிலே படித்தவளாச்சே நீ! இது நிஜமா, பொய்யா, பார்த்துச் சொல்லு" என்றாள்.

காகிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 6124 சி.சி.!

சங்கதி இதுதான். மாமா 1978-ல் வாங்கிய மார்க் 3 அம்பாஸிடர் இன்னும் அத்தை வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. மாமா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. வண்டியை மட்டும் அத்தை விற்கச் சம்மதிக்கவில்லை. திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் அதில்தான் போவாள். எங்கள் பக்கத்துச் சாலைகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே! அறுவடைக் காலத்தில் பாதி ரோடு நெல் காயும் களம். மீதி ரோடு வைக்கோல் தூசி. அந்தத் தூசி எஞ்சினுக்குள் புகுந்தால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வண்டி புகை கக்கியது, ஆயிலைக் குடித்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். புகையோடு போய் நின்றால் ஆகுமா?

பட்டறையில் பார்த்துவிட்டு, "சிலிண்டர் தேய்ஞ்சு போச்சும்மா. போர் பண்ணி நாற்பது சைஸ் பிஸ்டன் போட்டுடலாம்" என்றார்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை உடனே கணக்குப் போட்டு, "மாமி, இது இனிமேல் லாரி எஞ்சின்! இன்ஷூரன்ஸ் இரட்டிப்பாகிவிடும்" என்று குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அத்தைக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

இந்த சி.சி. என்ன பிரமாதமென்று நினைக்கிறீர்கள்? தீபாவளிக்கு நாம் பிழிகிற தேன்குழல் நாழிதான்! நாழிதான் சிலிண்டர், மேலிருந்து அழுத்துகிற கட்டைதான் பிஸ்டன். கட்டை இறங்கும் தூரத்தில் எவ்வளவு மாவு வெளியே வருகிறதோ, அதுதான் எஞ்சினின் கொள்ளளவு. முழுக்க அழுத்திய பிறகும் அடியில் தங்குகிற மாவு இந்தக் கணக்கில் சேராது. கட்டை தேய்ந்து நாழிக்குள் லொடலொடவென்று ஆடினால் என்ன ஆகும்? மாவு பக்கவாட்டில் மேலே பிதுங்கும். அத்தையின் எஞ்சினுக்கு வந்த வியாதியும் அதுவே.

அம்பாஸிடரின் சிலிண்டர் அகலம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 88.9. கன சென்டிமீட்டரில் விடை வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலில் சென்டிமீட்டராக்கிக் கொள்ள வேண்டும். 7.3025-ஐ அதனாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. அதை 8.89-ஆல் பெருக்கினால் ஒரு சிலிண்டர். நாலு சிலிண்டருக்கு 1489. ஆர்.சி. புத்தகத்திலும் அதுவே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே சறுக்கினான்? வட்டத்தின் ஆரத்தைப் போட வேண்டிய இடத்தில் முழு விட்டத்தையும் போட்டுவிட்டான். விடை நாலு மடங்காகிவிட்டது. பரீட்சையில் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆகையால் அவனைத் திட்டவில்லை.

போர் பண்ணும்போது பிஸ்டன் ஓடும் தூரம் மாறுவதில்லை. அகலம் மட்டுமே கூடுகிறது. பட்டறையில் 'பத்து சைஸ்' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். அகலம் கணக்கில் இரண்டு தடவை பெருக்கப்படுவதால், அதை நூற்றுக்கு ஒன்று கூட்டினால் கொள்ளளவு நூற்றுக்கு இரண்டு கூடும். இதை நான் விளக்குமுன் அத்தையே முந்திக்கொண்டாள். "மரக்கால் உயரத்தில் குறைந்தால் நஷ்டம் கொஞ்சம், வாயும் வயிறும் குறுகினால் நஷ்டம் ஜாஸ்தி. களத்திலே நெல் அளந்தவளுக்கு நீ சொல்லித் தரணுமா?" என்றாள்.

பத்து சைஸுக்கு 1499.7; இருபதுக்கு 1510; முப்பதுக்கு 1520 சொச்சம்; நாற்பதுக்கு 1531. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய பத்து சி.சி. அவ்வளவே. நூற்றுக்கு மூன்று கூட ஏறாத இதற்கு லாரி எங்கே வந்தது?

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பையன் சொன்னது பாதி வாஸ்தவம். 2022 ஜூன் 1 முதல் அமலான மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில், 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு 3416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7897 ரூபாய். ஆனால் அதற்குப் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள எண்ணை. ஓவர் சைஸ் பிஸ்டன் என்பது தேய்மானத்துக்குச் செய்கிற ரிப்பேர். எஞ்சினையே கழற்றி வேறு எஞ்சின் வைப்பதுதான் ஆர்.டி.ஓ. அனுமதி கேட்கிற காரியம். பட்டறை பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. எதற்கு எடுத்த எடுப்பிலேயே நாற்பது? இந்த எஞ்சினுக்குப் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நாலே படிகள். அதற்கு அப்பால் லைனர் அடித்துத்தான் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், பெருஞ்செலவு. வெட்டிய இரும்பை மறுபடி ஒட்டவா முடியும்?

இருவருமாகப் பட்டறைக்குப் போனோம். "மேல் ரிங் திரும்புகிற இடத்தில் அளந்து காட்டுங்கள்" என்றேன். அங்கேதான் தேய்மானம் அதிகம். நாலு சிலிண்டரையும் அளந்தார்கள். மிக மோசமானது மூன்றாவது. ஆயிரத்தில் பன்னிரண்டு தேய்ந்திருந்தது. மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகவே வெட்ட வேண்டும். பத்து போதாது; இருபது தாராளம்.

"அப்புறம் ஏன் தம்பி நாற்பது சொன்னே?" என்று கேட்டாள் அத்தை.

"நாற்பது செட்தாம்மா கைவசம் இருக்கு. இருபது மெட்ராஸிலிருந்து வரணும்."

"வரட்டும். நான் பஸ்ஸிலே போய்க்கிறேன்."

இருபது நாளாயிற்று. இப்போது வண்டியில் புகை இல்லை. டாஷ்போர்டு அறையில், மாமா பெட்ரோல் கணக்கு எழுதிய பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், அத்தை தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்: "இருபது வெட்டியாச்சு. பாக்கி இரண்டு."