நாதசுரமும் பேச்சுக் கணக்கும்

மனிதர் பேச்சை ஆராய வகுத்த முறைகளைக் கொண்டே இசைக்கருவிகளின் ஒலியையும் யந்திரத்திற் பிறப்பிக்கலாம் என்பது ஒலிநூலார் கண்ட உண்மை. இதனை நம் நாதசுரத்திற்கு எவ்வாறு பயன்படுத்தல் தக்கது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

பேச்சில் இரு கூறுகள் உள. குரல்நாண்களின் அதிர்ச்சி ஒன்று. அதற்கு உருவளிக்கும் தொண்டையும் வாயும் மற்றொன்று. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்து ஹோமர் டட்லி இவ்வடிப்படையில் அமைத்த கருவி, 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியிற் பேசிக் காட்டியது. 1971இல் நம் நாட்டிற் பிறந்த பிஷ்ணு அடலும் சூசன் ஹனாவரும், ஒலியலையின் சென்ற சில அளவுகளைக்கொண்டு அடுத்த அளவைக் கணிக்கும் முறையால் இக்கூறுகளைப் பிரித்துக் காட்டினர்.

நாதசுரத்திலும் சீவாளி குரல்நாணை ஒக்கும். உலவும் அணைசும் வாயை ஒக்கும். ஆயினும் வேற்றுமை உண்டு. வாயின் வடிவம் மாறினும் பேச்சின் சுருதி பெரும்பாலும் மாறுவதில்லை. நாதசுரத்திலோ குழலினுள் அதிரும் காற்றே சீவாளியைப் பெரிதும் ஆளுகின்றது. அன்றியும், பேச்சுக் கணக்கு ஒலியை வினாடியின் ஐம்பதில் ஒரு பங்களவான துண்டுகளாக்கி, ஒவ்வொன்றினுள்ளும் அது மாறாது நிற்பதாகக் கொள்ளும். கமகமோ நில்லாது அசைவது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் இழைந்ததைக் கேட்டோர், இசையின் உயிர் சுரங்களில் மட்டுமன்று, சுரத்தினின்று சுரத்திற்குச் செல்லும் வழியிலும் உள்ளதென்பதை அறிவர். ஆதலின் தனிச் சுரங்களைப் பதிந்து கோப்பது போதாது. வித்துவான் வாசிக்கும் வழியையே கணக்கிற் கொணர்தல் வேண்டும்.

சிறு கோயில்கள் பலவற்றில் மின்சார மேளம் மேளக்காரரின் இடத்தைக் கொண்டுவிட்டது. கூலி கொடுக்க வழியில்லை என்பர் கோயிலார். அக்குறை மெய்யே, எனினும், ஒருவர் மூச்சினின்று எடுத்த ஒலியால் அவர் பிழைப்பையே கெடுப்பது அறமாகாது. இக்கலை மாணாக்கர் பயில்வதற்கும், மூத்தோர் பாணிகள் மறையாது நிற்பதற்கும் உதவுக. பதிவுக்கு வாசிக்கும் கலைஞரின் இசைவைப் பெறுதலும், அவருக்குத் தக்க ஊதியம் அளித்தலும் முதற்கண் செய்யத்தக்கன.

நம் கங்கைகொண்டானில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ளது. தாமிரபரணிக் கரையூர்களில் நாதசுர மரபு உள்ளது. கணிப்பொறி கற்ற நம் மாணவர், யந்திரத்தின்முன் அமருமுன் ஒரு வித்துவானின்முன் அமர்ந்து கேட்பாராக. கேட்கக் கல்லாதார் செய்யும் கருவி ஓசையைத் தருமேயன்றி இசையைத் தாராது என்பது நம் துணிபு.