எந்தப் பாஷையில் நாஸ்திகம்?

கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் ஆதிகாலம் தொட்டு நடந்து வருகிறது. அதில் இறங்கித் தோற்றவரும் இல்லை, ஜயித்தவரும் இல்லை. ஆகவே இந்த வாரம் நாம் அதில் இறங்கப் போவதில்லை. அந்த விவாதத்தின் திண்ணையிலே உட்கார்ந்திருக்கும் வேறொரு சிறு கேள்வியைத்தான் கவனிக்கப் போகிறோம். கடவுள் இல்லை என்று ஒருவர் தீர்மானம் செய்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். அந்தத் தீர்மானத்தை அவர் எந்தப் பாஷையில் வெளியிடப் போகிறார்?

"இது என்ன வேடிக்கை! இல்லாத வஸ்து எந்தப் பாஷையில் சொன்னாலும் இல்லாததுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். ஒரே பாஷை அறிந்தவர் விஷயத்தில் அது சரிதான். வீட்டில் தமிழும் கலாசாலையில் ஆங்கிலமும் பேசி வளர்ந்த ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து அவருடைய நம்பிக்கை கரைந்து போகிறது. தம்மைப் போன்றவர்கள் கூடும் ஒரு சபையைத் தேடிக் கண்டுபிடித்துப் புதிதாகச் சேர்கிறார். அங்கே பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அவரும் தாராளமாகப் பேசுகிறார். மற்றவர்கள் ஆமோதித்துத் தலையை ஆட்டுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் 'குட் பை' சொல்லிப் பிரிகிறார்கள். 'கடவுள் உங்களுடன் இருப்பாராக' என்ற பழைய ஆங்கில வாழ்த்துத்தான் தேய்ந்து தேய்ந்து 'குட் பை' ஆயிற்று என்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் வீட்டு வாசற்படியில் காலை வைத்ததும் அந்த இளைஞரின் நாஸ்திகம் ஊமையாகி விடுகிறது. ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசிய விஷயத்தைத் தமிழில் அரை வாக்கியங்கூடச் சொல்ல முடியவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். காரணம் அவ்வளவு சுலபமானதல்ல.

ஆங்கிலத்தில் நம்பிக்கை இழந்தவர்களுக்கென்று பல வாசல்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பவர் 1851-ஆம் வருஷத்தில் 'செக்யூலரிஸம்' என்ற வார்த்தையைச் சிருஷ்டித்தார். மறு உலகத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு இந்த உலகத்துக் காரியங்களைக் கவனிப்போம் என்பது அதன் சாரம். பிரசித்தி பெற்ற விஞ்ஞானியான ஹக்ஸ்லி 1869-இல் 'அக்னாஸ்டிக்' என்ற வார்த்தையைக் கொடுத்தார். 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதையே ஒரு கௌரவமான கொள்கையாக ஆக்கிய வார்த்தை அது. இவற்றுக்கு முன்பே 'ஃப்ரீதிங்கர்' என்ற பெயர் வழக்கத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் கடுமையானது 'ஏதியிஸ்ட்' என்பது. தைரியத்துக்கும் சமய சந்தர்ப்பத்துக்கும் தக்கபடி இவற்றில் ஒரு வாசல் வழியாகப் புகுந்து கொள்ளலாம்.

தமிழில் அப்படியா? நெடுங்காலமாக ஒரே ஒரு வாசல்தான். 'நாஸ்திகன்' என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தை எழுதியவர்களும் உள்ளே இருப்பவர்கள் அல்லர். வெளியே நின்று வைதவர்கள். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடாத பையனும் நாஸ்திகன்தான்; பெரியவர்களை எதிர்த்துப் பேசியவனும் நாஸ்திகன்தான்; ஏகாதசியன்று இரண்டு வேளை சாப்பிட்டவனும் நாஸ்திகன்தான். இப்படி வசவாகவே காதில் விழுந்து பழகிய ஒரு வார்த்தையை, 'இதுதான் என் பெயர்' என்று தாயாரிடம் சொல்லிக் கொள்ள எத்தனை பேருக்கு நாக்கு எழும்?

அந்த வார்த்தையின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் இன்னும் விசித்திரமாயிருக்கிறது. பழைய சாஸ்திர வழக்கில் நாஸ்திகன் என்றால் கடவுளை மறுத்தவன் என்பதைக் காட்டிலும் வேதத்தின் பிரமாணத்தை ஒப்புக் கொள்ளாதவன் என்பதே முக்கியமான பொருள். அதனால் ஜைனர்களும் பௌத்தர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். உலகத்தைப் படைக்க ஓர் ஈசுவரன் தேவையில்லை என்று வாதித்த சாங்கியர்களும் மீமாம்சகர்களும் வேதத்தை ஒப்புக் கொண்ட காரணத்தால் ஆஸ்திகர்களாகவே இருந்து விட்டார்கள்! மேல் நாட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. ரோமாபுரியின் தெய்வங்களை வணங்க மறுத்த ஆதிக் கிறிஸ்தவர்களைத்தான் அந்நாளில் கடவுள் இல்லாதவர்கள் என்று தூற்றினார்கள். ஆகவே ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு இந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர், அதோடு ஒரு பெரிய வழக்கின் தஸ்தாவேஜுகளையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கடத்தை நம்மவர்கள் வெகு காலத்துக்கு முன்பே எதிர்ப்பட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைப் பட்டணத்தில் 'லௌகிக சங்கம்' என்று ஒன்று நடந்து வந்தது. லண்டனில் சார்லஸ் பிராட்லா 1866-இல் ஸ்தாபித்த தேசிய செக்யூலர் சங்கத்தின் கொள்கைகளைப் பின்பற்றியது. 'செக்யூலர்' என்பதற்கு 'லௌகிகம்' என்று அவர்கள் பெயரிட்டதே நல்ல யோசனை. 'நாஸ்திக சங்கம்' என்றால் திண்ணையில் உட்கார இடம் கிடைக்காது. 'லௌகிகம்' என்றால் உள்ளூர்க் கிழவருக்கும் விளங்கும்.

அந்தச் சங்கத்தார் 1880-களில் இரண்டு பத்திரிகைகள் நடத்தினார்கள். ஆங்கிலத்தில் 'தி திங்கர்'. தமிழில் 'தத்துவ விவேசினி'. ஒரே கொள்கைக்கு இரண்டு பத்திரிகைகள் எதற்கு? ஆங்கிலத்தில் எழுதும்போது லண்டன் வாதங்களை அப்படியே இறக்குமதி செய்யலாம். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதா இல்லையா என்று பாதிரிமாரோடு மல்லுக்கு நிற்கலாம். அந்தச் சண்டையினால் தமிழ்க் குடும்பம் ஒன்றில்கூட அடுப்பு அணையாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் ஜாதி வேற்றுமையைப் பற்றி எழுத வேண்டும். பால்ய விவாகத்தைப் பற்றியும் விதவைகளின் நிலையைப் பற்றியும் எழுத வேண்டும். படிக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். ஆங்கில நாஸ்திகம் புத்தகத்தோடு சண்டை போட்டால் போதும். தமிழ் நாஸ்திகம் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சர்க்காருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. பகத் சிங் 1930-இல் லாகூர்ச் சிறையில் இருந்தபடி, தாம் ஏன் நாஸ்திகரானார் என்பதை ஆங்கிலத்தில் எழுதினார். அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1931 செப்டம்பரில், லாகூரிலிருந்து வெளியான 'தி பீபிள்' பத்திரிகை அதைப் பிரசுரித்தது. சில வருஷங்களுக்குப் பிறகு ஸ்ரீ ப. ஜீவானந்தம் அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டார். தமிழாக்கினவருக்கு விலங்கு! நாஸ்திகன் என்ற வசவையே எடுத்துத் தன் பெயராகச் சூட்டிக்கொள்ளும் துணிவு தமிழில் பரவியதும் அந்தக் காலத்தில்தான். 1925-இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' பத்திரிகைக்கும் பெரியார் ஈ. வெ. ராமசாமிக்கும் அதில் உள்ள பங்கை, அவருடைய கொள்கைகளை ஏற்காதவர்களும் மறுக்க முடியாது.

ஆயினும், இரண்டு பாஷைகளோடு நாஸ்திகத்துக்குள் புகுந்த ஒருவரின் கதையை முழுவதும் அறிய வேண்டுமானால் ஆந்திர நாட்டுக்குப் போக வேண்டும். கோபராஜு ராமச்சந்திர ராவ் என்பவரை 'கோரா' என்றே எல்லோரும் அழைத்தார்கள். 1902-இல் பிறந்தவர், தெலுங்கர். சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் தாவர சாஸ்திரம் படித்து எம். ஏ. பட்டம் பெற்றார். மதுரையிலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்தார். பிறகு காக்கிநாடாவில் வேலை பார்த்தபோது, கடவுள் நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னதற்காக 1933-இல் உத்தியோகத்தை இழந்தார். மசூலிப்பட்டணத்தில் கிடைத்த உத்தியோகமும் இதே காரணத்தால் நிலைக்கவில்லை.

அதற்குமேல் அவர் பெரிய பட்டணம் எதற்காவது போய், ஆங்கிலம் தெரிந்த கனவான்களோடு சேர்ந்து ஒரு விவாத சபை நடத்தியிருக்கலாம். அவர் செய்தது வேறு. 1940-இல் கிருஷ்ணா ஜில்லாவில் முதுநூரு என்ற கிராமத்துக்குப் போய், மனைவி சரஸ்வதி அம்மாளோடு ஒரு நாஸ்திக கேந்திரத்தை ஆரம்பித்தார். மழுப்பலான பெயர் எதையும் தேடவில்லை. கிராமத்தாருக்குத் தெரிந்த அந்த வசவு வார்த்தையையே பெயர்ப் பலகையாக மாட்டினார். முதியவர்களுக்கு எழுத்து வாசனை ஊட்டுவதும், எல்லா ஜாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துகள் நடத்துவதும் அங்கே நடந்த வேலைகள். நாஸ்திகன் என்றால் என்ன அர்த்தம் என்பதற்குக் கிராமத்தார் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பந்தியைப் பார்த்தாலே போதுமாயிருந்தது. 1947-இல் அந்த ஸ்தாபனம் விஜயவாடாவுக்கு மாறியது.

குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதில்கூட அவருடைய கொள்கை தாய்மொழியில் பேசிற்று. தெய்வப் பெயர்களை விட்டுவிட்டார். உப்புச் சத்தியாக்கிரக வருஷமாகிய 1930-இல் பிறந்த மகனுக்கு 'லவணம்' என்று பெயர். உலக யுத்தம் மூண்ட 1939-இல் பிறந்த மகனுக்கு 'சமரம்'. அந்த லவணமே பிற்காலத்தில் வினோபா பாவே ஆந்திராவில் பூதான யாத்திரை செய்தபோது அவருடைய பிரசங்கங்களைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார். உபநிஷத்தும் கீதையும் பேசிய ஒரு மகானுக்கு நாஸ்திகர் ஒருவர் வாயாக இருந்தார்! இரண்டு பாஷை அறிந்தவனால் எத்தகைய பாலம் கட்ட முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

கோரா 1930-லேயே காந்திஜிக்குக் கடிதம் எழுதி, கடவுள் என்ற சொல்லுக்குத் தாங்கள் கொள்ளும் பொருள் என்ன என்று கேட்டிருந்தார். கடவுள் மனித அறிவுக்கு எட்டாதவர் என்ற கருத்தில் பதில் வந்தது. பிறகு 1944-இல் சேவாகிராமத்தில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். அங்கே எழுந்த முதல் பிரச்னைகளில் ஒன்று வார்த்தையைப் பற்றியது. கடவுள் இல்லாமை என்பதற்கும் நாஸ்திகம் என்பதற்கும் வித்தியாசம் உண்டா என்று காந்திஜி வினவினார். முன்னது வெறும் மறுப்பு; பின்னதோ மறுத்த பிறகு மனிதன் தன் காலில் நின்று என்ன செய்கிறான் என்பதைச் சொல்வது என்ற பொருளில் கோரா விடையளித்தார்.

காந்திஜிக்கு நாஸ்திகர்கள் புதியவர்கள் அல்லர். 1891-இல் பிராட்லா காலமானபோது, லண்டனில் மாணவராயிருந்த அவர் அந்தச் சவ அடக்கத்துக்குப் போயிருந்தார். இந்தியாவுக்காகப் பார்லிமெண்டில் குரல் கொடுத்தவர் பிராட்லா. 'கடவுளே சத்தியம்' என்று சொல்லி வந்த காந்திஜி, 'சத்தியமே கடவுள்' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதற்கு 1931-இல் ஸ்விட்ஸர்லாந்தில் விளக்கம் கூறினார். கடவுளை மறுப்பவர்கள்கூடச் சத்தியத்தை மறுப்பதில்லை என்பது அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த வாக்கியத்துக்குச் சோதனையும் வந்தது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த இளைஞர் ஒருவருக்குத் தம் புதல்வியை மணம் செய்விக்கக் கோரா தீர்மானித்தார். விவாகத்தைச் சேவாகிராமத்தில் நடத்தி வைக்கக் காந்திஜி ஒப்புக்கொண்டார். பிரமாணத்தில் கடவுளின் பெயர் வரும் இடத்தில் சத்தியத்தின் பெயரை வைப்பதற்கும் சம்மதித்தார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். ஆயினும் அந்த விவாகம் அதே வருஷம் மார்ச் மாதத்தில் சேவாகிராமத்திலேயே நடந்தேறியது.

ஆஸ்திகரான நேயர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, "இது நாஸ்திகர்களின் தலைவலி, நமக்கென்ன?" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். கல்யாணத்தில் புரோகிதர் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லும் மாப்பிள்ளைகளில், இன்னதற்கு வாக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து சொல்பவர்கள் எத்தனை பேர்? அர்த்தம் தெரியாத பாஷையில் 'ஆம்' என்பது எவ்வளவு சௌகரியமோ, அவ்வளவு சௌகரியம் வீட்டுக்குப் புரியாத பாஷையில் 'இல்லை' என்பதும். இரண்டிலும் பொறுப்பு இல்லை.

புதிதாக அப்படிப்பட்ட சபையில் சேரும் இளைஞருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் வாதத்தை ஒரு முறை தமிழில் எழுதிப் பாருங்கள். பாதி வாதம் காணாமற் போகும். அது உங்களுடையதல்ல, புத்தகத்தினுடையது. மீதி நிற்பதுதான் உங்கள் கொள்கை. பிறகு தாயாரிடம் சொல்லுங்கள். அவள் ஹக்ஸ்லியைப் பற்றிக் கேட்க மாட்டாள். "சரியப்பா, அப்பாவின் திவசத்தன்று நீ வருவாயா, மாட்டாயா?" என்று கேட்பாள். அதற்கு விடை அவள் மனத்தைப் புண்படுத்தாமலும் பொய் கலக்காமலும் வர வேண்டும். கஷ்டமான காரியந்தான். அந்தக் கேள்வி எழாத இடத்தில் பேசுவதற்குத் தைரியம் எதுவும் வேண்டாம்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. இரண்டு பாஷையோடு வரும் புதியவரை, உச்சரிப்பைப் பார்த்து மூலையில் உட்கார வைக்காதீர்கள். நீங்கள் பரிகாசம் செய்யும் பக்தர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர். அவர்கள் எதற்காகக் கும்பிடுகிறார்கள், எந்தப் பயத்தினால், எந்த நன்றியினால் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே உங்களுக்குச் சொல்லக் கூடியவர். அதைக் கேட்காமல் நடத்தும் விவாதம் எதிராளி இல்லாத சதுரங்கம். அதில் ஜயிப்பது மிகவும் சுலபம்.