பெயர் பொறித்த பதக்கமும் எண் பொறித்த தகரமும்

போர்ப் பதக்கத்தை விற்பது முறையா என்ற கேள்வி நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் அந்நியமானதல்ல. தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் இங்கே ஒரு ரைபிள் படை அமைக்கப்பட்டது. போயர் போருக்கு ஆள் அனுப்பிய அந்தப் படை, முதலாம் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் சென்று, 1949இல் கலைக்கப்பட்டது. அதில் சேவையாற்றியோரின் பதக்கங்கள் இன்று லண்டன் ஏலங்களில் விலைபோகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளிக்கும் ஓர் உலோகத் துண்டு கிடைத்தது. 'டின் டிக்கெட்' எனப்பட்ட அந்தத் தகர வில்லையில் அவர் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் குறியும் எண்ணும் இருந்தன, பெயர் இல்லை. அதுவும் இப்போது நாணயச் சேகரிப்பாளரிடையே கைமாறுகிறது. இந்த இரண்டு விற்பனையையும் ஒன்றாகக் கருத முடியாது.

போயர் போர், முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். எத்தனை கை மாறினாலும் அது யாருடையது என்று சொல்லிவிடலாம். இன்னொரு விருதின் கதையும் இதைக் காட்டும். இமாசலப் பிரதேசத்து நாயக் கிர்பா ராமுக்கு, உயிர்த் தியாகத்துக்காக ஜார்ஜ் சிலுவை என்ற வீர விருது வழங்கப்பட்டது. களவுபோன அந்த விருது 2009இல் லண்டன் ஏலத்துக்கு வந்தபோது விற்பனை தடுக்கப்பட்டது. பின்னர் அது குடும்பத்திடமே திரும்பியது. அதில் இருந்த பெயர்தான் குடும்பத்தின் சாட்சி. தகர வில்லைக்கு அப்படியொரு சாட்சி இல்லை. வில்லையை மட்டும் காட்டி, தன் பூட்டனுடையது இது என்று எந்தப் பூட்டப்பிள்ளையும் நிரூபிக்க முடியாது. தனியொருவர் உரிமை கோர முடியாத பொருள் யாருக்கும் உரியதல்ல என்றாகிவிடாது. அது அந்தச் சமூகம் முழுவதற்கும் உரியது.

சட்டமும் இந்தத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழருக்குக் கை கொடுக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களையே தொல்பொருள் என வரையறுத்தது. மலையகத் தமிழரின் வரலாறோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. 2023இல் தங்கள் வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த சமூகத்தின் எந்தப் பொருளும் அந்த வரையறைக்குள் வராது.

வறுமையில் இருப்பவர் தன்னிடமுள்ள பழைய பொருளை விற்கக் கூடாதா என்று கேட்பார்கள். விற்கலாம். லயத்தில் வாழும் குடும்பத்திடம் வரலாற்றைக் காக்கச் சொல்லி, அதன் செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டுவது அநியாயம். குறை விற்பவரிடம் இல்லை. நியாயமான விலை கொடுத்து வாங்கப் பொது நிறுவனம் முன்வராததில் இருக்கிறது. சேகரிப்பாளர் இல்லாவிட்டால் இவையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் எந்தத் தோட்டத்தில், யார் வீட்டில் கிடைத்தது என்று எழுதி வைக்காமல் வாங்கும்போது, பொருள் பிழைத்தாலும் அதன் வரலாறு அழிகிறது.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. மலையகத்தில் கிடைக்கும் இத்தகைய பொருட்களை வாங்கும் முதல் வாய்ப்பு இதுபோன்ற பொது நிறுவனங்களுக்கு வேண்டும். அதற்கான பணத்தை அரசும் தோட்டக் கம்பனிகளும் ஒதுக்க வேண்டும். கிடைத்த இடத்தைப் பதியாத விற்பனையைச் சேகரிப்பாளர் சங்கங்களே ஏற்க மறுக்க வேண்டும். டிக்கோயா வார்லி தேவாலயத்தின் கல்லறைகளில் துரைமாரின் பெயர்களை இன்றும் வாசிக்கலாம். தகர வில்லைக்குரியவரின் பெயரை வாசிக்க ஒரே வழி, அதிலுள்ள எண்ணும் எங்காவது எஞ்சியிருக்கும் தோட்டப் பதிவேடும் ஒரே மேசையில் சந்திப்பதுதான். இடம் தெரியாமல் விற்கப்படும் ஒவ்வொரு வில்லையும் அந்த வழியை இன்னும் குறுக்கிவிடுகிறது.