யாரிடம் சொல்வான்?

1871-இல், ஆறு வயதுகூட நிறையாத, பின்னாளில் எழுத்தாளரான ருட்யார்ட் கிப்ளிங்கையும் தங்கையையும் இங்கிலாந்தின் சவுத்சீயில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்துப் பிடித்த வீடு. நம்பி ஒப்படைத்த அந்த வீட்டு அம்மாள் அவனை அடித்தாள். ‘பொய்யன்’ என்றெழுதிய அட்டையை முதுகில் மாட்டி, தெருவழியே பள்ளிக்கு அனுப்பினார்கள். டிசம்பர் தோறும் லண்டனில் சித்தி வீட்டுக்குப் போவான். அங்கே பாசம் கொட்டிக் கிடந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிள்ளையைக் குடைவது கொடுமை. அங்கே கொண்டுபோய் விட்டதே பெற்றவர்கள்தானே, யாரிடம் சொல்வான்? 1877-இல் தாய் வந்தார். இரவில் முத்தமிட அறைக்குள் நுழைந்தார். அடி விழப்போகிறதென்று பையனின் கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது.