பிரெஞ்சு யாருடைய மொழி?



பதினோராம் வகுப்பில் பிள்ளைக்குத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மூவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "மார்க் வரும் சார்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் பிரெஞ்சு வகுப்பு எடுத்தவன் அல்ல, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவன். அந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன்.

பிரெஞ்சு என்றதும் நமக்கு ஈபிள் கோபுரம் நினைவுக்கு வருகிறது. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பிரெஞ்சு பேசும் நாடுகளின் சர்வதேச அமைப்பு 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் சுமார் 32 கோடிப் பேர். பிரான்சின் மக்கள்தொகையோ ஏழு கோடிக்கும் குறைவு. மீதிப் பேரில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். பிரெஞ்சை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகளின் நகரங்களில் மக்கள்தொகையில் மிகப் பெரியது பாரிஸ் அல்ல, காங்கோவின் கின்ஷாசா. அந்தக் காங்கோவை ஆண்டதும் பிரான்ஸ் அல்ல. 1960 வரை பெல்ஜியம்தான் ஆண்டது. அதற்கான தடயம் எண்ணுப்பெயரிலேயே இருக்கிறது. பாரிஸ்காரர் 90 என்பதை 'நான்கு இருபதும் பத்தும்' என்று சொல்வார். பெல்ஜியத்திலும் காங்கோவிலும் அதற்குத் தனிச்சொல், 'நொனான்த்'. ஒரு மொழி எந்த வழியாக வந்தது என்பதைக் கடைக்காரர் சில்லறை எண்ணும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே பிரெஞ்சு பிரான்சின் சொத்து என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்து இளைஞர்கள் பிரெஞ்சோடு தங்கள் மொழிகளைக் கலந்து 'நூஷி' என்று ஒரு பேச்சையே உண்டாக்கிவிட்டார்கள். அதன் சொற்கள் இன்று பாரிஸ் பிள்ளைகளின் வாயிலும் புழங்குகின்றன.

ஆனால் உலகப் படத்தில் 'பிரெஞ்சு நாடு' என்று வண்ணம் தீட்டியிருக்கும் இடமெல்லாம் வீட்டில் பிரெஞ்சு பேசும் இடம் என்று நினைக்காதீர்கள். கின்ஷாசா சந்தையில் கேட்பது லிங்காலா. செனகலின் டக்கார் நகரத் தெருவில் கேட்பது வொலோஃப். ஹைட்டியில் எல்லோர் வாயிலும் இருப்பது கிரியோல். பிரெஞ்சு அங்கே அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் இருக்கிறது. வீட்டில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிராத மொழியில் ஆறு வயதுப் பிள்ளை எழுத்துக் கற்க வேண்டும். 'அம்மா' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'அ' சொல்லிக்கொடுப்பது எளிது. அந்தச் சொல்லே தெரியாத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடுதான். வகுப்பில் நின்ற எவருக்கும் இது புரியும்.

வீட்டுக்குள் வேர்விடாத ஆட்சிமொழியை அகற்ற ஒரு அரசாணை போதும். பிரெஞ்சு நாடுகளின் அமைப்பு 1970-இல் உருவானது நைஜரின் தலைநகரான நியாமேயில். அதே நைஜர், மாலி, புர்க்கினா ஃபாசோவோடு சேர்ந்து 2025 மார்ச்சில் அந்த அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மாலி 2023-இல் புதிய அரசியல் சட்டம் எழுதி, தன் மண்ணின் மொழிகளை ஆட்சிமொழிகளாக்கி, பிரெஞ்சை 'பணிமொழி' என்று இறக்கிவைத்தது. ராணுவ ஆட்சிக்கும் பிரான்சுக்கும் உள்ள பகையும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அடுப்படியில் பேசும் மொழியை எந்த ராணுவமும் இப்படி ஒரு வரியில் இறக்கிவிட முடியாது.

இதற்கு நேரெதிர் கனடாவின் கியூபெக். சுற்றிலும் ஆங்கிலம். ஆனாலும் அங்கே பிரெஞ்சு வீட்டு மொழி. அதைக் காக்க 1977-இல் சட்டமே போட்டார்கள். குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். மான்ட்ரியாலில் இருக்கும் நம் பிள்ளைகள் பிரெஞ்சில் படிப்பது இதனால்தான். அங்கே இருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை: பிரெஞ்சைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரீயூனியன் தீவு இருக்கிறது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்கள் கப்பலேறினார்கள். இன்றும் அங்கே கோயில் உண்டு, தீமிதி உண்டு, காவடி உண்டு, தமிழ்ப் பெயர்களும் உண்டு. பேச்சு மட்டும் கிரியோலும் பிரெஞ்சும். தெய்வத்தைக் காப்பாற்றியவர்களால்கூட மொழியைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் கூலிகளாகப் போனவர்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நமக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லையே!

இப்போது என் பதில். பிரெஞ்சு படிப்பது நல்லது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, கனடா என்று பல கதவுகளைத் திறக்கும் மொழி அது. கூடுதலாகப் படிக்கட்டும், பேசிப் பழகட்டும். ஆனால் மார்க்குக்காக, தமிழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டாம். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே சேரும். மருத்துவத்துக்கு நீட். மொழிப்பாட மார்க் இரண்டிலும் கிடையாது. அப்புறம் எதற்காக இந்தப் பண்டமாற்று?

இரண்டு வருடம் பிரெஞ்சை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிட்டு, தமிழிலும் ஒரு பக்கம் எழுத வராமல் நிற்கும் பிள்ளைக்கு எந்த மொழி மிஞ்சும்? கேட்ட மூவரும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், தமிழிலேயே.