சென்னையின் அணிக்கு வேண்டிய ஏழு பேர்

கால்பந்துப் பருவம் முடிந்து வீரர்கள் அணி மாறும் காலம் வந்துவிட்டால் வில்லியனூர்ப் பக்கத்து இளைஞர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, இந்த வருசம் ஃபாரினர் யாரை எடுக்கறாங்க?" எந்த அணி என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய நாளிலிருந்து சென்னையின் எஃப்.சி.தான் எங்கள் அணி. அது ஆடும் நேரு விளையாட்டரங்கம் இங்கிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அணியைப் பலப்படுத்துவது பற்றிய நம் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியிலேயே தொடங்கி இதிலேயே முடிந்துவிடுகிறது. கேள்வியையே மாற்றவேண்டும் என்பது என் கட்சி.

இலக்கியம் வாசிக்கும் நண்பர்களுக்குக் கால்பந்தில் நாட்டமில்லாமல் இருக்கலாம். ஆனால் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஏற்கெனவே பெயர்பெற்றவர்களிடம் கதை வாங்கிப் போட்டே இதழை நிரப்பலாம். அந்த இதழ் நன்றாகவும் இருக்கும். ஆனால் யாரும் கேள்விப்பட்டிராத ஒருவரின் முதல் கதையைத் தேடிப் போட்ட இதழைத்தான் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசுகிறோம்.

முதலில் விதியைப் பார்ப்போம். லீகின் தொடக்க ஆண்டுகளில் ஓர் அணி களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். 2017–18இல் அது ஐந்தாயிற்று. 2021–22இலிருந்து நான்கு. அதாவது பதினோரு பேரில் ஏழு இடங்கள் இந்திய வீரர்களுக்கானவை. நாம் ஆண்டுதோறும் மூச்சுவிடாமல் விவாதிப்பது அந்த நான்கு இடங்களைப் பற்றி. ஏழு இடங்களைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை.

சென்னையின் அணியின் வரலாறு இதற்கு எதிராக இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்வதில் நியாயமும் உண்டு. 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மிதந்த அந்த நாட்களில், சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புணேயில் ஆடி, பிறகு கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் எஃப்.சி. கோவாவை 3–2 என்று வென்றார்கள். பயிற்சியாளர் இத்தாலியின் மட்டெராசி. கடைசி நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா. அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி பெற்றவரும் அவரே. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் பெங்களூரு அணியை அதே 3–2 கணக்கில் வென்றபோதும் மூன்று கோல்களும் பிரேசில்காரர்கள் அடித்தவை: மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று.

ஆனால் 2018இன் அணியைச் சற்றுக் கூர்ந்து பார்க்கவேண்டும். இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில், அரையிறுதியின் இரண்டாம் சுற்றில், கோவாவை 3–0 என்று வென்றோம். இரண்டு கோல் மிசோரமின் ஜெஜே. மற்றொன்று வட சென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ். நடுக்களத்தில் அனிருத் தாபா, இடது தற்காப்பில் ஜெரி லால்ரின்சுவாலா. இருவரும் 2016இலேயே, பதின்வயதுகளின் இறுதியில் அணிக்கு வந்தவர்கள். வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள், போனார்கள். இந்த இந்திய முதுகெலும்பு ஆண்டுக்கணக்கில் நின்றது. வெளியிலிருந்து வந்தவர்கள் அடித்த கோல்களுக்குக் கீழே அப்படியொரு தளம் இருந்தது.

அந்தத் தளம் தளர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதும் கணக்கிலேயே இருக்கிறது. சாம்பியனான அடுத்த பருவமே, 2018–19இல், 18 ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகளுடன் பத்தாவது, அதாவது கடைசி இடம். 2019–20இல் நடுவில் வந்த ஓவன் காயல் அணியைத் தூக்கி நிறுத்தினார். லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். இறுதிவரை போய் ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றோம். அதன்பின் தொடர்ந்து மூன்று பருவங்கள் எட்டாவது இடம். 2022இல் ஜெரியும் 2023இல் தாபாவும் கொல்கத்தா அணிகளுக்குப் போனார்கள். 2023–24இல் ஆறாவது. 2024–25இல் 13 அணிகளில் பதினொன்றாவது. இத்தனை ஆண்டுகளிலும் வெளிநாட்டு வீரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் நல்ல ஆட்டக்காரர்களும் உண்டு. அப்படியிருந்தும் அணி ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறக்கவேண்டியிருந்தது.

இனி, தமிழ் பேசும் நிலத்தில் ஆட்டக்காரர்கள் இல்லையா என்று பார்ப்போம். 2018–19இல் கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது. 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி உட்பட வெளியிலிருந்து வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பாண்டியன் சீனிவாசன், அஜித்குமார் என்று தமிழ்ப் பிள்ளைகள் ஆடினார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் அதே அணிக்கு ஆடிய குமரி மாவட்டக் கடற்கரை ஊர்க்காரர் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு ஏ.டி.கே.வுக்கும் போனார். 2020இல் நம்மை இறுதியில் வென்ற அணியில் அவர் இருந்தார். சென்னையின் நந்தகுமார் சேகர் ஒடிசாவுக்கு ஆடி 2023இல் சூப்பர் கோப்பை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக, பல ஆண்டுகளாக மோகன் பகானை வெல்ல முடியாதிருந்த அந்த அணிக்காக, டுராண்ட் கோப்பை ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். அன்று கொல்கத்தாவே அவர் பெயரைச் சொன்னது. ஆகவே ஆளில்லை என்பது சரியல்ல. தேடியெடுத்து, வளர்த்து, தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் போதவில்லை.

சென்னை சிட்டியின் கதையில் எச்சரிக்கையும் உண்டு. 2020–21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீகில் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளை ஆடவைத்தால் மட்டும் போதாது. அவர்களைத் தாங்கி நிற்கும் அமைப்பும் நிலைக்கவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வில்லியனூர், பாகூர் இரண்டும் புதுவையின் கொம்யூன்கள். கொம்யூன் என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்றது. நிர்வாகக் கணக்கில் இந்தப் பிள்ளைகள் புதுச்சேரி. சந்தோஷ் கோப்பையில் புதுச்சேரி தனி அணி. கேரளத்துக் கால்பந்து நிலத்தின் நடுவே இருக்கும் மாஹேயும் இதே ஒன்றியப் பிரதேசம்தான். ஆனால் பாகூருக்கு மிக அருகில் இருப்பது மாஹே அன்று, தென்பெண்ணைக்கு அக்கரையில் இருக்கும் கடலூர்.

அக்கரையில் என்ன நடந்தது? சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலூரில் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். அந்த அகாடமியே ஓர் அணியாக 2017–18 இந்திய மகளிர் லீகில் ஆடியது. கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்குப் போனார். தமிழகப் பெண்கள் 2018இல் மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023இல் அரியானாவை வென்று மீண்டும் சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் மகளிர் லீக் பட்டம் பெற்றது. பெருமுதலீடும் நட்சத்திர உரிமையாளர்களும் இல்லாத மாவட்டத் தலைநகரம் ஒன்றில் இது முடிந்திருக்கிறது. ஆற்றைக் கடந்தால் மண் மாறிவிடுமா என்ன?

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். புதுவைக்குப் பிரான்சு அணியின்மேல் தனிப்பாசம். 2018இல் அவர்கள் உலகக் கோப்பையை வென்றபோது இங்கே கொண்டாடியவர்கள் பலர். ஆனால் பிரான்சு அந்த அணியை எப்படி உண்டாக்கியது என்பதை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. 1973இலேயே அங்கே தொழில்முறை கிளப்புகள் இளைஞர் பயிற்சி மையம் நடத்தவேண்டும் என்று ஒழுங்கு செய்தார்கள். 1988இலிருந்து கிளேர்ஃபோந்தேனில் தேசியப் பயிற்சி நிலையம் நடக்கிறது. பாரிஸ் வட்டாரத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்கிப் படிப்பும் பயிற்சியும். வார இறுதியில் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஊர் அணிக்கே ஆடுகிறார்கள். கிலியன் எம்பாப்பே அப்படி வளர்ந்தவர். அவருடைய ஊரான போந்தி, பாரிசிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. புதுவை நகரத்திலிருந்து வில்லியனூரும் அவ்வளவு தூரம்தான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வார இறுதி. பிள்ளையை ஊரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடாமல், ஊர் அணியும் அவனால் வலுப்பெறும்படி செய்திருக்கிறார்கள்.

சென்னையின் நிர்வாகம் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவற்றைச் சொல்கிறேன். ஒன்று, ஆண்டுக்கொரு முறை, அறுவடை முடிந்து மழையும் ஓய்ந்த மாசி, பங்குனியில், வில்லியனூரிலும் பாகூரிலும் கடலூரிலும் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தவேண்டும். சென்னைக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போக எல்லாத் தகப்பனுக்கும் இயலாது. கி.ரா. புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். அந்தக் கதைகள் தாமாகப் பல்கலைக்கழகத்தைத் தேடி வந்திருக்குமா? கிராமத்தை நோக்கித்தான் போகவேண்டும்.

இரண்டு, புதுவை உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. அரசோடு பேசி, வார நாட்களில் அங்கே பயிற்சி, பள்ளிப் படிப்பு கெடாத ஏற்பாடு, வார இறுதியில் ஊர் ஆட்டம் என்று தொடங்கலாம்.

மூன்று, பிள்ளையை முதலில் பயிற்றுவித்த ஊர் அணிக்கோ பள்ளிக்கோ பணம் போய்ச் சேரவேண்டும். நாடுவிட்டு நாடு மாறும் வீரர்களின் விலையில் ஐந்து விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவர்களைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. அந்த மனப்பான்மையை ஒப்பந்தமாகவே எழுதிக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பது நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் லீகே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் உட்படச் சில கிளப்புகள் முதல் அணியின் நடவடிக்கைகளை நிறுத்தின. அந்தப் பருவம் பல மாதம் தாமதித்து 2026 பிப்ரவரியில் குறுகிய வடிவில்தான் தொடங்கியது. எங்கள் அணி இனி இருக்குமா என்று நாங்கள் உண்மையிலேயே அஞ்சிய மாதங்கள் அவை. ஆனால் அந்த அச்சம் கற்பித்ததும் இதைத்தான். ஒப்பந்தம் முடிந்தால் பறந்துவிடும் நால்வரை நம்பி நிற்கும் அணி, லீக் தடுமாறும்போது அதனோடு சேர்ந்து விழும். தேர்வு முகாமுக்கும் பயிற்சியாளர் இருவரின் ஊதியத்துக்கும் ஆகும் செலவு, நடுத்தரமான வெளிநாட்டு முன்கள வீரர் ஒருவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மண்ணின் மைந்தர் வாதமாக இதைக் கொள்ளவேண்டாம். மிசோரமின் ஜெஜேயை நாங்கள் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினோம். மெண்டோசாவின் அந்தக் கடைசி நிமிடத்தை யாரும் மறக்கமாட்டோம். 2018–19இல் புதுச்சேரி கிரிக்கெட் அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் நுழைந்தபோது பங்கஜ் சிங், அபிஷேக் நாயர், பரஸ் டோக்ரா போன்றோரை வெளியிலிருந்து அழைத்துக்கொண்டது. புதிய அணிக்கு அனுபவசாலிகள் தேவை, தவறில்லை. ஆனால் அழைத்து வந்தவர்கள் இருக்கும் காலத்துக்குள் ஊர்ப் பிள்ளைகள் தயாராகாவிட்டால் மறுபடியும் அழைத்துக்கொண்டேதான் இருக்கவேண்டும்.

ரசிகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 19 வயதுப் பையன் ஒருவன் தற்காப்பில் தவறு செய்து கோல் விழுந்தால், அவனை வைத்துக் கேலிப்படம் போடுவதை நிறுத்தவேண்டும். மூன்று ஆட்டம் தோற்றதும் பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் கூச்சலிடுவதையும் நிறுத்தவேண்டும். நிர்வாகம் அவசரப்படுவது நம் அவசரத்தைப் பார்த்துத்தான்.

2026இல் பாகூரில் தேர்வாகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 2033இல்தான் பத்தொன்பது வயதாகும். அதற்குள் எத்தனையோ வெளிநாட்டு வீரர்கள் நம் நீலச் சட்டையைப் போட்டுக் கழற்றியிருப்பார்கள். ஏழாண்டு என்பது ஒரு கிளப்புக்கு அதிகமில்லை. ஆனால் இந்த ஆண்டு தேர்வு நடக்காவிட்டால் அந்தக் கணக்கு 2034 என்று தள்ளிப்போகும். பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு அந்த வயது திரும்பி வராது.